வானொலி அமைதி வலயங்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஆழம் ஒரு பெருமை. மறைவு மற்றொரு பெருமை. வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலைக் கலக்கும் மாதங்களிலும் உள்துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல் அமைதியாக நிற்கும். சுற்றியுள்ள குன்றுகளும் முனைகளும் காற்றையும் திரையையும் தடுத்துக் காவல் புரிவதே இதற்குக் காரணம். கப்பலுக்குக் கடலலையிலிருந்து மறைவு வேண்டுமாப்போலக் கண்ணுக்குப் புலனாகாத வேறோர் அலையிலிருந்து மறைவு வேண்டி நிற்கும் கருவியொன்றும் உலகில் உண்டு. வானொலித் தொலைகாட்டி என்பது அதன் பெயர். அக்கருவி தொழில் புரியும் பொருட்டு, அதனைச் சூழ்ந்த பல மைல் நிலப்பரப்பில் ஒலிபரப்பு, கைத்தொலைபேசி முதலியவற்றைக் கட்டுப்படுத்தும் வழக்கம் பல நாடுகளில் ஏற்பட்டுள்ளது. அவ்வாறு கட்டுப்படுத்தப்பட்ட நிலப்பரப்பையே வானொலி அமைதி வலயம் என்கிறோம். அது ஏன் வேண்டும், எவ்வாறு காக்கப்படுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கின்றனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானிலிருந்து வந்த இரைச்சல்

ஒளியும் வானொலி அலையும் ஒரே இனத்தவை. இரண்டும் மின்காந்த அலைகளே. ஓர் அலை ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கின்றதோ அதுவே அதன் மீடிறன். மீடிறன் மிகுந்த ஒளியை நம் கண் காண்கிறது. மீடிறன் குறைந்த வானொலி அலையை உணர நம் உடம்பிற் பொறி ஏதுமில்லை. சூரியனும் நட்சத்திரங்களும், நட்சத்திரங்களுக்கிடையே பரந்து கிடக்கும் வாயு மேகங்களும் ஒளியோடு வானொலி அலைகளையும் வீசிக்கொண்டேயிருக்கின்றன. ஆயினும் 1930ஆம் ஆண்டு வரை அவற்றைக் கேட்டார் எவருமிலர்.

முதலிற் கேட்டவர் கார்ல் ஜான்ஸ்கி என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து செல்லும் வானொலித் தொலைபேசிப் பேச்சை இரைச்சல் கெடுத்தது. அவ்விரைச்சலின் காரணத்தை அறியுமாறு பெல் தொலைபேசி ஆராய்ச்சிசாலை அவரைப் பணித்தது. அவர் மோட்டார் வண்டிச் சில்லுகளின்மேற் சுழலும் பெரிய ஏரியல் ஒன்றை அமைத்து, 20.5 மெகாஹேட்ஸ் மீடிறனிற் செவிமடுத்தார். அண்மையில் முழங்கும் இடி, தொலைவில் முழங்கும் இடி ஆகியவற்றின் இரைச்சலோடு, ஓயாத மெல்லிய சீறல் ஒன்றும் கேட்டது. அது நாடோறும் ஒரே நேரத்தில் உச்சமடையாது, நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டே வந்தது. கார்த்திகை மீன்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி உதிப்பது போன்றதே இதுவும். சூரியனோடு தொடர்புடையதாயின் அச்சீறல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வரவேண்டும். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தபடியால் அது நட்சத்திர மண்டலத்துக்கு உரியது என ஜான்ஸ்கி தெளிந்தார். தனுசு இராசியின் திசையில், பால்வீதியின் நடுவிலிருந்து அது வருகின்றது என்பதை 1933இல் வெளியிட்டார்.

இவ்வாறு ஒரு புதிய வானியல் பிறந்தது. அது பிறந்த இடம் வானத்தைக் காண விரும்பியவரின் மாடமன்று, இடையூற்றை ஒழிக்க விரும்பியவரின் வயல் என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒருவருக்கு இரைச்சலாயிருப்பது மற்றொருவருக்குச் செய்தியாகும். இனிவரும் வரலாறு முழுவதும் இவ்வுண்மையின் விரிவே எனலாம்.

1942ஆம் ஆண்டின் இரண்டு றேடார்கள்

திருகோணமலை மக்கள் 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் திகதியை மறப்பதில்லை. யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கிய நாள் அது. அவ்விமானங்கள் கடலுக்கு மேல் வந்துகொண்டிருந்த போதே இங்கிருந்த றேடார் நிலையம் அவற்றை அறிந்து எச்சரிக்கை விடுத்தது. வானொலித் துடிப்பை அனுப்பி, அது ஒரு பொருளிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு அப்பொருளின் தூரத்தை அறிவதே றேடார்.

அதற்கு ஏறக்குறைய ஆறு கிழமைகளுக்கு முன்னர், பெப்ரவரி மாத இறுதியில், இங்கிலாந்தின் கரையோரத்திலிருந்த றேடார்கள் திடீரெனச் செவிடாயின. பகைவர் வேண்டுமென்றே இரைச்சலை ஏவிக் குழப்புகின்றனர் என இராணுவம் எண்ணியது. ஆராயும் பொறுப்பு ஜே. எஸ். ஹே என்னும் விஞ்ஞானியிடம் வந்தது. பல நிலையங்களின் அறிக்கைகளை ஒப்பிட்ட அவர், எல்லா ஏரியல்களும் சூரியனின் திசையிலேயே இரைச்சலைக் கேட்டன என்பதையும், அவ்வேளையிற் சூரியனில் பெருங் கரும்புள்ளிக் கூட்டமொன்று தோன்றியிருந்தது என்பதையும் கண்டார். பகைவன் சூரியனே. யுத்த இரகசியமாதலின் அச்செய்தி யுத்தம் முடிந்த பின்னரே உலகுக்குத் தெரிய வந்தது.

யுத்தம் முடிந்ததும் இராணுவத்துக்கு வேண்டாத றேடார்க் கருவிகள் விஞ்ஞானிகளின் கைக்கு வந்தன. பேர்னாட் லவெல் என்பவர் அத்தகைய கருவியொன்றை மன்செஸ்டர் சர்வகலாசாலை வளவில் நிறுவ முயன்றார். நகரத்து மின்சார டிராம் வண்டிகளின் தீப்பொறி இரைச்சல் அவரைக் கேட்கவிடவில்லை. ஆகவே 1945ஆம் ஆண்டு டிசெம்பரில், நகரத்துக்கு வெளியே சர்வகலாசாலையின் தாவரவியல் துறைக்குச் சொந்தமாயிருந்த ஜொட்ரல் பாங்க் என்னும் வயற்புறத்துக்குக் கருவியைக் கொண்டு சென்றார். இன்று உலகப் புகழ் பெற்றுள்ள அந்நிலையம் அங்கு அமைந்த காரணம் இதுவே. அமைதியைத் தேடி வானியலார் ஊரை விட்டகன்றது இவ்வாறு தொடங்கியது.

எத்துணை மெல்லிய குரல்

அமைதி இத்துணை இன்றியமையாததாவது ஏன் என்று வினவலாம். விடை எண்களிலே உள்ளது. வானொலி வானியலார் வழங்கும் அளவைக்கு ஜான்ஸ்கி என்றே பெயர். ஒரு வாற்றை, ஒன்றின்பின் 26 சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்துக் கிடைக்கும் வலு, ஒரு சதுர மீற்றர் பரப்பில், ஒரு ஹேட்ஸ் மீடிறன் அகலத்தில் வந்து விழுமாயின் அது ஒரு ஜான்ஸ்கி. வானியலார் இதனினும் பத்திலட்சம் மடங்கு மெலிந்த குறிகளையும் நாடுகின்றனர்.

கைத்தொலைபேசியொன்றைச் சந்திரனிற் கொண்டுபோய் வைத்ததாகக் கொள்வோம். அது ஒரு வாற்று வலுவை 200 கிலோஹேட்ஸ் அகலத்தில் எல்லாத் திசையிலும் வீசுமாயின், 384,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பூமியில் அதன் வலிமை சில நூறு ஜான்ஸ்கி என்று கணக்கிடலாம். வானத்திலுள்ள மிக வலிய வானொலி மூலங்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க வலிமை இது. சந்திரனிலிருக்கும் தொலைபேசியே இவ்வாறாயின், தொலைகாட்டியின் வேலிக்கருகே நடப்பவனின் சட்டைப்பையிலிருக்கும் தொலைபேசி என்ன செய்யும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரைச்சல் இருவகைத் தீங்கு விளைக்கும். ஊர்ச் சத்தத்தை வான்செய்தி என மயங்கச் செய்வது ஒன்று. வான்செய்தியை ஊர்ச் சத்தம் எனத் தள்ளச் செய்வது மற்றொன்று. இரண்டுக்கும் உதாரணம் உண்டு.

அவுஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னும் இடத்திலுள்ள 64 மீற்றர்த் தொலைகாட்டியில் விசித்திரமான சிறு துடிப்புகள் பல ஆண்டுகளாக இடையிடையே பதிவாகிவந்தன. அவை அண்டவெளியின் தொலைவிலிருந்து வரும் துடிப்புகளை ஒத்திருந்தமையால் ஆராய்ச்சியாளர் குழம்பினர். 2015இல் காரணம் வெளிப்பட்டது. நிலையத்திலிருந்த நுண்ணலை அடுப்பின் கதவை, அது தானே நிற்குமுன் அவசரப்பட்டுத் திறந்தபோது வெளிப்பட்ட அலையே அது! துடிப்புகள் மதிய உணவு வேளையை ஒட்டி மிகுந்திருந்ததும் அதனால் விளங்கியது.

மறுபுறம், 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜோசலின் பெல், பதிவுத்தாளில் ஒரு சிறு குழப்பத்தைக் கண்டார். 1.337 வினாடிக்கு ஒருமுறை தவறாது வந்த அத்துடிப்பு மனிதர் செய்த ஏதோ இடையூறாகலாம் என்றே முதலிற் கருதப்பட்டது. ஆயின் அதுவும் ஜான்ஸ்கியின் சீறலைப் போல நட்சத்திர நேரத்தைப் பின்பற்றி நான்கு நிமிடம் முந்தி வந்தது. அதுவே துடிவிண்மீன் எனப்படும் புதிய இனத்தின் முதற் கண்டுபிடிப்பு. பதிவுத்தாளில் அது பிடித்த இடம் மிகச் சிறிது. சுற்றியிருந்த இரைச்சல் இன்னும் சற்றே மிகுந்திருப்பின் அவர் கண்ணுக்கும் அது தப்பியிருக்கலாம்.

காவலின் இரு வழிகள்

வானியலைக் காக்க இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, மீடிறனைப் பங்கிட்டுக் காப்பது. மற்றொன்று, நிலத்தை ஒதுக்கிக் காப்பது.

முதல் வழி சர்வதேச உடன்படிக்கையால் நடைபெறுவது. பிரபஞ்சத்தில் மிகுதியாயுள்ள மூலகம் ஐதரசன். அதன் அணு 1420.4 மெகாஹேட்ஸ் மீடிறனில், அதாவது ஏறக்குறைய 21 சதமமீற்றர் அலைநீளத்தில், மெல்லிய குறியொன்றை வெளிவிடும். 1944இல் ஒல்லாந்தரான வான் டி ஹல்ஸ்ட் இதனை முன்னறிந்து கூறினார். 1951இல் அமெரிக்காவில் யூவென், பேர்செல் ஆகிய இருவர் அதனைக் கேட்டனர். பால்வீதியின் கரங்கள் எவ்வாறு சுருண்டுள்ளன என்பதை நாம் அறிந்தது பெரும்பாலும் இக்குறியாலேயே. 1959இல் ஜெனீவாவிற் கூடிய உலக வானொலி மகாநாடு வானொலி வானியலை அலைகளைப் பயன்படுத்தும் சேவைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இன்று 1400 முதல் 1427 மெகாஹேட்ஸ் வரையுள்ள பட்டையில் எந்த ஒலிபரப்பும் செய்தலாகாது என்பது உலக விதி. நம் நாடும் அதற்குக் கட்டுப்பட்டதே.

இவ்விதி இருக்க, நிலத்தை ஏன் ஒதுக்க வேண்டும்? பிரபஞ்சம் விரிந்துகொண்டிருப்பதே காரணம். தொலைவிலுள்ள அண்டங்கள் நம்மை விட்டு விலகிச் செல்லும்போது அவற்றின் அலைகள் நீண்டு, மீடிறன் குறைகின்றது. புகைவண்டி நம்மைக் கடந்து விலகும்போது அதன் ஊதொலி தாழ்ந்து கேட்பதை இதற்கு ஒருபுடை உவமையாகக் கொள்ளலாம். மகாராட்டிரத்திலுள்ள தொலைகாட்டி கொண்டு மிகத் தொலைவிலுள்ள ஓர் அண்டத்தின் ஐதரசன் குறி கேட்கப்பட்ட செய்தி 2023இல் வெளிவந்தது. அக்குறி புறப்பட்டபோது 1420 மெகாஹேட்ஸ். வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 620 மெகாஹேட்ஸ். அதுவோ தொலைக்காட்சி ஒளிபரப்புக்குரிய பட்டை! எத்துணைத் தொலைவை நோக்குகின்றோமோ அத்துணைத் தூரம் குறி காவலற்ற பட்டைகளுக்குள் இறங்கிவிடுகின்றது. உலகமெங்கும் எல்லாப் பட்டைகளையும் மூடிவிட முடியாது. ஆகவே சில இடங்களிலேனும் எல்லாப் பட்டைகளும் அமைதியாக இருத்தல் வேண்டும்.

நிலத்தை ஒதுக்குவதிற் பயனுண்டாவது பூமி உருண்டையாயிருப்பதனால். தொலைக்காட்சி, கைத்தொலைபேசி முதலியவற்றின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. அடிவானத்துக்கப்பால் விரைந்து மெலிந்துவிடும். 100 மீற்றர் உயரக் கோபுரத்துக்கு வானொலி அடிவானம் ஏறக்குறைய 41 கிலோமீற்றர். இடையில் மலையிருப்பின் இன்னும் நன்று. ஆதலினாலே வானியலார் மலை சூழ்ந்த பள்ளத்தாக்குகளையும் மக்கள் அருகிய வெளிகளையும் நாடுகின்றனர். சிற்றலை ஒலிபரப்பு வேறு இயல்பினது. அது வானத்தின் மேலடுக்கிற் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் செல்லும். அதனை எவ்வலயமும் தடுக்காது.

கிறீன் பாங்க்

இவ்வலயங்களுட் புகழ்பெற்றது அமெரிக்காவின் தேசிய வானொலி அமைதி வலயம். மேற்கு வேர்ஜீனியாவில், மலைகள் சூழ்ந்த கிறீன் பாங்க் என்னும் சிற்றூரில் வானியல் நிலையம் அமைக்கப்பட்டது. 1956இல் அம்மாநிலம் தொலைகாட்டியைச் சுற்றிப் பத்து மைலுக்குள் இடையூறு விளைக்கும் மின்கருவிகளைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. 1958 நவம்பரில் மத்திய அரசின் தொடர்பாடல் ஆணைக்குழு ஏறக்குறைய 13,000 சதுரமைல் பரப்பை வலயமாக அறிவித்தது. இலங்கைத் தீவின் பரப்போ 25,300 சதுரமைல். அதில் பாதிக்கு மேற்பட்ட பரப்பு ஒரு தொலைகாட்டி நிலையத்தின் பொருட்டும், அண்மையிலிருந்த கடற்படை நிலையத்தின் பொருட்டும் காவலுக்குட்பட்டது என எண்ணிப் பார்க்க.

இவ்வலயம் முழுவதும் வானொலியே இல்லை என எண்ணுதல் தவறு. வலயத்தில் நிலையான ஒலிபரப்பியை நிறுவ விரும்புவோர் நிலையத்தாரோடு கலந்து, கோபுரத்தின் உயரம், வலு, திசை ஆகியவற்றைச் சரிப்படுத்த வேண்டும். தொலைகாட்டியை நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு இறுகும். அதன் அருகே டீசல் வண்டிகளே செல்லும். பெற்றோல் வண்டியின் எஞ்சினில் எழும் மின்பொறியும் இரைச்சலாகும் என்பதே காரணம். இடையூற்றைத் தேடி ஏரியல் பூட்டிய வண்டியில் ஊரைச் சுற்றுவதும் நிலையத்தாரின் வேலைகளுள் ஒன்று. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 100 மீற்றர் வாயகலமுடைய திசை திரும்பும் பெருந் தொலைகாட்டி இன்று அங்கு நிற்கின்றது.

உதகையும் நாராயண்காவும்

நமக்கு அண்மையிலுள்ள உதாரணங்கள் இந்தியாவில் உள்ளன. இரண்டையும் உருவாக்கியவர் பேராசிரியர் கோவிந்த் சுவரூப். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அவர், நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அருகே முத்தொரை என்னும் ஊரில் 1970இல் ஒரு தொலைகாட்டியை நிறைவேற்றினார். அது வட்டத் தட்டன்று. 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமுமுடைய நீண்ட தொட்டி. 24 பரவளைவுச் சட்டங்கள் அதனைத் தாங்குகின்றன.

அவ்விடத்தைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. முத்தொரையின் அகலக்கோடு ஏறக்குறைய 11 பாகை. அதே 11 பாகை அளவில் வடக்கு நோக்கி உயரும் மலைச்சரிவொன்றைத் தேடிக் கண்டு, அதன்மேல் தொட்டியைக் கிடத்தினர். அதனால் தொட்டியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாயிற்று. இனித் தொட்டியை ஓர் அச்சிற் சுழற்றுவதாலேயே வான்பொருள் ஒன்றைச் சுமார் 9½ மணி நேரம் பின்தொடரலாம். பூமத்தியரேகையை ஒட்டிய நாட்டவர்க்கே வாய்க்கத்தக்க வசதி இது. திருகோணமலையில் அத்தகைய கருவியை அமைப்பதாயின் 8½ பாகைச் சரிவு வேண்டும் என்று நம் மாணவர் உடனே கணக்கிட்டுக் கூறலாம். மலைகள் சூழ்ந்திருந்தமை சமவெளியின் இரைச்சலையும் தடுத்தது. இத்தொலைகாட்டி கேட்பது 326.5 மெகாஹேட்ஸ், 322 முதல் 328.6 வரையுள்ள பட்டை சர்வதேச ஒழுங்கில் வானொலி வானியலுக்கும் உரியது. சந்திரன் ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் கணத்தை நுட்பமாகப் பதிந்து, அம்மூலத்தின் இடத்தையும் அளவையும் அறிந்தமை அதன் தொடக்ககாலச் சாதனை.

பின்னர் அவரே, புனேயிலிருந்து வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றரில், நாராயண்காவுக்கு அருகேயுள்ள கோடாட் என்னும் ஊரை மையமாக்கி, ஒவ்வொன்றும் 45 மீற்றர் வாயகலமுடைய 30 தட்டுகளை நிறுவச் செய்தார். அவற்றுள் 14 நடுவே செறிந்திருக்க, ஏனையவை மூன்று கரங்களாகப் பரந்து, ஏறக்குறைய 25 கிலோமீற்றர் அகன்ற ஒரே செவியாகத் தொழிற்படுகின்றன. அண்மையாண்டுகளில் புனேக்கும் நாசிக்குக்குமிடையே விரைவு இருப்புப்பாதையொன்று திட்டமிடப்பட்டது. மின்சார இரயிலின் இரைச்சல் தொலைகாட்டியைப் பாதிக்கும் என வானியலார் முறையிட்டனர். பாதையை அங்கிருந்து விலக்கி வேறு வழியாகக் கொண்டு செல்ல இந்திய இரயில்வே அமைச்சு முன்வந்தது. மன்செஸ்டரில் டிராம் வண்டிக்கு வானியல் வழிவிட்டது. இங்கு வானியலுக்கு இரயில் வழிவிட்டது. ஆயின் அந்த இரயிலை எதிர்பார்த்திருந்த நாராயண்காவின் கமக்காரரும் வியாபாரிகளும் இதனை எவ்வாறு நோக்குவர் என்பதும் நாம் எண்ண வேண்டிய பொருளே.

விலை கொடுப்போர் யார்?

அமைதியின் பயன் மனிதகுலம் முழுவதற்கும் உரியது. அதன் விலையைக் கொடுப்போரோ அவ்வலயத்தில் வாழும் சிலர். கிறீன் பாங்கைச் சூழ்ந்த மக்கள் உலகமெங்கும் கைத்தொலைபேசி பெருகிய பின்னரும் அதனைப் பயன்படுத்த இயலாதிருந்தனர். நெருப்பும் விபத்தும் நேரும்போது மீட்புப் படையினரின் வானொலித் தொடர்பு மலையிடுக்குகளில் அறுந்துபோகின்றது என்னும் முறைப்பாடு அங்கு எழுந்தது. உயிர் காக்கும் அழைப்புக்கும் நட்சத்திரத்தின் அழைப்புக்கும் இடையே போட்டி வருமாயின் எது முந்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. போட்டி வாராமல் இரண்டையும் அமைப்பதே அறிவுடைமை.

தென்னாபிரிக்கா 2007இற் சட்டமியற்றி, கரூ என்னும் வறண்ட வெளியை வானியலுக்கெனக் காத்தது. அங்கு பெருந் தொலைகாட்டித் தொகுதியின் ஒரு பாதி எழுகின்றது. அதன்பொருட்டுப் பல ஆட்டுப் பண்ணைகள் விலைக்கு வாங்கப்பட்டன. எஞ்சிய பண்ணையாளரோ தொடர்பு வசதி குன்றுவதைப் பற்றிக் குறைகூறினர். அதே தொகுதியின் மறுபாதி மேற்கு அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசன் வெளியில் எழுகின்றது. 131,072 சிறு ஏரியல்கள் அங்கு நடப்படும். அந்நிலம் வஜரி யமாஜி என்னும் ஆதிக்குடிகளுடையது. அவர்களோடு பேசி, 2022இல் நிலப் பயன்பாட்டு உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. வானியல் நிலையத்துக்கு அவர்கள் தம் மொழியிலேயே, வானத்தையும் நட்சத்திரங்களையும் பகிர்தல் என்னும் பொருள்பட, பெயர் சூட்டினர். கேட்டுப் பெறும் அமைதிக்கும் கேளாமற் சுமத்தும் அமைதிக்கும் உள்ள வேறுபாட்டை இப்பெயர் காட்டும்.

அவ்வேறுபாட்டை வடக்குக் கிழக்கு மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. யுத்த ஆண்டுகளில் சில பகுதிகளுக்கு மின்கலம் கொண்டு செல்வதும் தடுக்கப்பட்டிருந்தது; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கின்றது. அச்சத்தாற் பிறந்த மௌனம் அது. மக்களின் சம்மதம் அதற்கு வேண்டப்படவில்லை. விஞ்ஞானம் வேண்டுவது அத்தகைய மௌனமன்று. காரணத்தை எடுத்துக் கூறி, மாற்று வசதி செய்து, இழப்புக்கு ஈடளித்து, மக்கள் விரும்பித் தரும் அமைதியே நிலைக்கும்.

வேலியில்லாத திசை

நிலத்தில் எத்துணைக் காவலிட்டாலும் மேலே வேலியிட முடியாது. இந்நூற்றாண்டின் பெரும் இக்கட்டு இதுவே. 550 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் செய்மதியொன்று தனக்குக் கீழே எத்திசையிலும் ஏறக்குறைய 2,500 கிலோமீற்றர் வரை காண்கின்றது. இலங்கையின் நீளமோ 430 கிலோமீற்றர் அளவினது. இத்தகைய செய்மதிகள் இன்று ஆயிரக்கணக்கில் உலகைச் சுற்றுகின்றன. அவை அனுமதி பெற்று அனுப்பும் அலைகளன்றி, அவற்றின் மின்கருவிகளிலிருந்து தாமாகக் கசியும் அலைகளும் 110 முதல் 188 மெகாஹேட்ஸ் வரையுள்ள பட்டையிற் கேட்கின்றன என ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் 2023இல் அறிவித்தனர். எனினும் வழி முற்றாக அடைபடவில்லை. தொலைகாட்டி நோக்கும் திசையைக் கடக்கும்போது கதிரை வேறிடம் திருப்புமாறு செய்மதிகளை இயக்கும் முறைகள் அமெரிக்காவிற் பரீட்சிக்கப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் நம் ஊரோடு தொடர்புடைய ஒருவரை நினைவுகூர வேண்டும். ஆதர் சி. கிளார்க் 1956இல் சுவாமிமலைக் கடலடியில் மூழ்கிப் பழைய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டவர்களுள் ஒருவர். அவரே 1945இல், பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகள் மூன்றைக் கொண்டு உலகமெங்கும் ஒலிபரப்பலாம் என விஞ்ஞானக் கட்டுரை எழுதியவர். வானத்தை வானொலியால் நிரப்பும் வழியைக் காட்டியவர் கடலடியின் மௌனத்தையும் நாடினார். ஒரே மனிதனுக்கு இரண்டும் வேண்டியிருந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

பூமியின் இரைச்சல் எட்டாத நிலம் ஒன்று இன்னும் உண்டு. அது சந்திரனின் மறுபுறம். பூமியை ஒருபோதும் நோக்காத அப்புறத்தைச் சந்திரனின் முழு உடலும் மறைத்து நிற்கின்றது. சர்வதேச வானொலி விதிகள் அதனை இப்போதே காவலுக்குட்பட்ட இடமாகக் கொண்டுள்ளன. மனிதர் குடியேறுமுன்னரே மனிதரின் இரைச்சலிலிருந்து காக்கப்பட்ட நிலம் அதுவாகும்.

நமது கடமை

திருகோணமலை ஒலிபரப்பை நன்கறிந்த ஊர். கடற்படையினரின் கம்பியில்லாத் தந்தி இங்கிருந்து கடல் கடந்தது. 1980களில் ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமாகிய டொயிச்ச வெல்ல தன் அஞ்சல் நிலையத்தை இம்மாவட்டத்தில் நிறுவி, நூற்றுக்கணக்கான கிலோவாற்று வலுவில் ஆசிய நாடுகளுக்கு ஒலிபரப்பியது; பின்னர் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்து சேர்ந்தது. பேசும் கலையில் தேர்ந்த இவ்வூரின் பிள்ளைகள் கேட்கும் கலையையும் கற்க வேண்டும் என்பது நம் அவா.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. சூரியனின் இரைச்சலையும் வியாழக் கிரகத்தின் இரைச்சலையும் சாதாரண ஏரியலும் வாங்கியும் கொண்டு பாடசாலை மாணவரே பதியலாம். வியாழனின் சிற்றலை வெடிப்புகள் 20 மெகாஹேட்ஸ் அளவில், ஜான்ஸ்கி செவிமடுத்த மீடிறனை ஒட்டியே, கேட்கத்தக்கவை. முதல் நாளில் மாணவர் கேட்கப்போவது மின்விசிறியின் இரைச்சலும் முச்சக்கரவண்டியின் பொறியுமேயாகும். அதனால் மனந்தளரல் ஆகாது. எது ஊரினது, எது வானத்தது எனப் பிரித்தறிவதே முதற்பாடம். நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வருகின்றதா என்று பொறுமையோடு பார்த்திருப்பதே அதற்குரிய சோதனை. ஜான்ஸ்கிக்கும் ஜோசலின் பெல்லுக்கும் கைகொடுத்த சோதனை அதுவே.

நூல்நிலையத்தில் ஒருவர் படிக்கும்போது மற்றவர் மெல்லப் பேசுதல் மரபு. அங்கு பேச்சு இழிந்தது என எவரும் கருதுவதில்லை. படிப்பவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதனாலேயே மற்றவர் தம் குரலைத் தாழ்த்துகின்றனர். உலகம் தன் பரந்த நிலத்தில் ஒருசில பள்ளத்தாக்குகளையும் வெளிகளையும் அவ்வாறு ஒதுக்கி வைத்திருக்கின்றது. அவ்விடங்களின் மக்கள் மனமுவந்து குரலைத் தாழ்த்தியதனால், பலகோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அலையொன்று இன்று மனிதன் செவிக்கு வந்து சேருகின்றது. அம்மக்களுக்கு வானியல் பட்டிருக்கும் கடன் பெரிது. அக்கடனை மறவாத விஞ்ஞானமே மேலும் அமைதி வேண்டி நிற்கும் உரிமை பெறும்.